கவலை தீர்ந்த கதை

சென்ற வாரம் வகுப்பில், "கவலை என்றால் என்ன?" என்று கேட்டேன். "மனத்துயரம்" என்றனர் மாணவர் அனைவரும். கொங்கு நாட்டில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை ஒரு பிள்ளையும் அறியவில்லை. அவர்களைக் குறை கூறிப் பயனென்ன? கவலை ஏற்றம் மறைந்து இரண்டு தலைமுறைகள் ஆகிவிட்டனவே!

மேற்கு மலைத் தொடர் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால் கோயம்புத்தூர்ச் சீமையில் மழை குறைவு. ஆகவே நம் முன்னோர் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினார்கள். கோழி கூவுமுன் எருதுகளைப் பூட்டி, தோல் தும்பி பொருத்திய பறியால் நீர் இறைத்தார்கள். பொழுதெல்லாம் உழைத்தும் நனைந்தது சிறு நிலமே என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த நிலையை மாற்றியது நீலகிரியின் பைக்காரா நதி. மைசூர் ராஜ்யத்தில் 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. நம் பக்கத்திலோ 1929-ல்தான் பைக்காரா வேலை தொடங்கிற்று. சென்னை நிர்வாக சபையில் அங்கத்தினராயிருந்த ஸர் சி. பி. ராமசாமி ஐயர் இத்திட்டத்தை முன்னின்று ஆதரித்தவர். மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய் வழியே பாய்ந்த நீர், 1932-ல் சிங்காரா மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிற்று. அங்கே மின்சாரம் தங்கத்தைத் தேடிப் போயிற்று. இங்கே தண்ணீரைத் தேடி வந்தது!

மின்சாரத்தைப் பத்தாயத்தில் நெல்லைப்போல் சேர்த்து வைக்க இயலாது. உண்டாகும்போதே செலவழிய வேண்டும். கோவையின் நூற்பாலைகளும் தோட்டத்துக் கிணறுகளும் அதனை வரவேற்றன. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் மின் மோட்டார் செய்து காட்டினர். நாளடைவில் கிணற்று மேட்டில் எருதுகள் நின்ற இடத்தில் மோட்டார் அமர்ந்தது. கரும்பும் வாழையும் செழித்தன.

ஆயினும் வரமே சோதனையாகவும் மாறிற்று. கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் உழவர் கிளர்ச்சி மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1972-ல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை வீதிகளை அடைத்து நின்றன. எந்த எருதுகளை மின்சாரம் நுகத்தடியிலிருந்து விடுவித்ததோ, அதே எருதுகள் மின்சாரத்துக்காக வாதாட வந்தன! பின்னர் வேளாண்மைக்கு மின்சாரம் இலவசமாயிற்று. எருது களைத்தால் இறைப்பு நிற்கும், மோட்டாருக்கோ களைப்பில்லை. நிலத்தடி நீர் இறங்க இறங்க, ஆழ்குழாய்கள் ஆயிரம் அடியையும் எட்டின.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கப்பெற்றது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஆறு நிலையங்களில் மோட்டார்கள் ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகின்றன. பூமியிலிருந்து எடுத்த மின்சாரமே பூமிக்குத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்திருக்கிறது.

எருதின் கவலை தீர்ந்தது. கிணற்றின் கவலை தீரவில்லை. பொத்தானை அழுத்தும் கை, அதை நிறுத்தவும் கற்றுக்கொண்டால் அதுவும் தீரும். இந்தப் பாடத்தை நம் குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள் பள்ளி ஆசிரியர்கள் மட்டுமல்லவே!