நான்கு சில்லும் ஓர் ஏக்கர் வயலும்



கெப் எனப்படும் சுமை வண்டியைப் பற்றிப் பேசுவதற்குக் கலைப்பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன தகுதியுண்டு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. என்னிடம் அத்தகைய வண்டி இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை. ஆயினும் என்னிடம் படித்த ஒருவர், சிறுபோக அறுவடை முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்து ஒரு கணக்கை என்முன் வைத்தார். பாடசாலை நாட்களில் அவருக்குக் கணக்கு அவ்வளவாக வராது. அன்று அவர் கொண்டுவந்த கணக்கோ எனக்கே வராததாயிருந்தது.

அவர் குடியிருப்பது கல்முனையில். வேளாண்மை செய்வது கிட்டங்கிக்கு அப்பால், நாவிதன்வெளிப் பக்கத்து வட்டை ஒன்றில். வயல் வேலை ஓய்ந்த நாட்களில் கடற்கரையிலிருந்து மீன்பெட்டிகளை ஏற்றி அம்பாறைச் சந்தைக்குக் கொண்டுபோவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, பழைய வண்டியை இன்னும் ஓராண்டு ஓட்டுவோம் என்றிருந்தவர், 2025 பெப்ருவரியில் அந்தத் தடை நீங்கும்வரை அதையே ஒட்டுப்போட்டு ஓட்டினார். பின்னர் அதுவும் படுத்துவிட்டது.

அவர்முன் இருந்தவை மூன்று வண்டிகள். முதலாவது, பின் சில்லுகள் மட்டும் இழுப்பது. இரண்டாவது, வேண்டும்போது நான்கு சில்லுகளும் இழுப்பது. மூன்றாவதும் இரண்டாவதன் உடன்பிறப்பே. எனினும் கரடுமுரடான காட்டு வழிக்கென்று உயர்த்தப்பட்டு, அகன்ற டயரும், தடித்த அதிர்ச்சி தாங்கிகளும், பக்கங்களிற் கறுப்புப் பட்டிகளும் பூண்டு நிற்பது. இரண்டாவதற்குக் கையிலுள்ள பணமும் உறவினர் தரும் கைமாற்றும் போதும். மூன்றாவதற்குப் போதா. எஞ்சிய தொகைக்கு மனைவியின் சீதனக் காணியில் ஓர் ஏக்கரை விற்கவேண்டும்.

நம் பகுதியிற் சீதனக் காணி என்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அது தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிவரும் சொத்து. அவருக்கு இரண்டு பெண்மக்கள்.

“அவ சம்மதிச்சிட்டா, சேர். ஆனா முகத்தப் பார்த்துச் சொல்லல்ல” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் சாய்ந்தமருதிலுள்ள ஒரு கராஜுக்கு நாலைந்து மாலை நடந்தேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக்கிடம் மாணவனாய் அமர்ந்து கற்றதையே இங்கு கூறுகின்றேன்.

வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிப்புறச் சில்லு நெடுந்தூரமும் உட்புறச் சில்லு குறுந்தூரமும் ஓடவேண்டியிருக்கிறது. விளையாட்டுப் போட்டியன்று மாணவர் அணிவகுத்துத் திரும்பும்போது உள்ளே நிற்பவன் நின்ற இடத்திலே காலை மாற்ற, வெளியே நிற்பவன் எட்டி நடப்பதில்லையா? அதுபோலத்தான். இரு சில்லுகளும் ஒரே அச்சில் இறுகியிருந்தால் ஒன்று தேய்ந்தே தீரும். ஆதலின் இடையிலே டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியை வைத்தார்கள். அது இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடங்கொடுக்கிறது.

இந்த நன்மையிலேதான் ஒரு தீமையும் இருக்கிறது. ஒரு சில்லு சேற்றில் இறங்கி வழுக்கத் தொடங்கினால், உறுதியான தரையில் நிற்கும் மறு சில்லுக்கும் வலு கிடைப்பதில்லை. வழுக்குகின்ற சில்லு எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவே மற்றதற்கும் போகும். உடைந்த வரம்பின் வழியே வாய்க்கால் நீர் முழுவதும் ஓடிப்போக, பக்கத்து வயல் காய்ந்து கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். சேற்றில் அகப்பட்ட வண்டியின் ஒரு சில்லு மட்டும் வெறுமனே சுற்றிச் சேற்றை வாரி இறைப்பது இதனாலேயே.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முன் சில்லுகளுக்கும் வலுவை அனுப்புவது ஒன்று. டிஃபரென்ஷியலைப் பூட்டி, இரு சில்லுகளையும் ஒன்றாகவே சுழலச் செய்வது மற்றது. உடைந்த வரம்பை மண்போட்டு அடைப்பதற்கு அது ஒப்பாகும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் மூன்றாவது உபாயம் ஒன்றும் உண்டு. வழுக்கும் சில்லைத் தானாகவே பிரேக் பிடித்து அடக்கி, வலுவை மறு சில்லுக்குத் திருப்புகிறார்கள். இது சாதாரண வகைகளிலேயே வந்துவிட்டதனால், பூட்டுக்கென்று தனியே விலைகொடுக்கும் அவசியம் முன்னளவுக்கு இல்லை.

நாற்சில்லு வண்டி நம்மவர்க்குப் புதிதன்று. 1948இல் இங்கிலாந்திலே லான்ட் றோவர் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1949இல், கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. காடு வெட்டிக் குளம் கட்டிய காலத்தில் பாதையற்ற இடத்துக்குப் போக அத்தகைய வண்டி வேண்டியிருந்தது. டொயோட்டா நிறுவனத்தின் ஹைலக்ஸ் 1968இல் வெளிவந்தபோது பின் சில்லுகள் மட்டும் இயங்கும் வண்டியாகவே வந்தது. நாற்சில்லு இயக்கம் 1979இலேயே அதற்குக் கிடைத்தது. அதாவது, முதற் பதினோராண்டும் உலகத்து விவசாயிகள் அது இல்லாமலே அந்த வண்டியில் மூடை ஏற்றினார்கள்.

எனினும் நம் வட்டைகளின் நிலை வேறு. கோடையிலே கல்லாய்க் கிடக்கும் வாய்க்காற்கரைப் பாதை, மாரி பிறந்து இரண்டு நாள் மழை விழுந்ததும் களியாகிவிடுகிறது. அங்கே நாற்சில்லு இயக்கம் உண்மையாகவே உதவும். அதனோடு வரும் தாழ்கியர் அதனினும் உதவும். தாழ்கியரில் வண்டியின் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுக்கும் வலு அதே மடங்கு கூடுகிறது. மூடையேற்றிய வண்டி சேற்றிலிருந்து பதறாமல் மெல்ல ஏறிவர அதுவே துணை. ஒன்றை மட்டும் மறத்தலாகாது. இவ்வகை வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் நாற்சில்லு இயக்கத்தைக் காய்ந்த தார் வீதியிற் போடக்கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பிணைக்கப்படுவதனால், வளைவுகளிலே பற்சக்கரங்கள் முறுகிக் கெடும். மிற்சுபிசியின் சில வகைகளில் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதனால் அவற்றுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

கடற்கரை மணலுக்கு வருவோம். அங்கே புதைந்தவர்கள் பெரும்பாலும் நாற்சில்லு இல்லாமையாற் புதைந்தவர்களல்லர். டயரிற் காற்று நிறைந்திருந்தமையாற் புதைந்தவர்கள். வீதியில் முப்பது இறாத்தலுக்கு மேல் வைக்கும் காற்றை மணலில் பதினெட்டு இறாத்தலளவுக்கு இறக்கினால், டயர் நீண்டு பரந்து மணல்மேல் மிதந்து செல்லும். தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் காற்றடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு சிறிய காற்றுப்பம்பின் விலை. மெக்கானிக் இதைச் சொன்னபோது சற்றே சிரித்தார். மூன்றாவது வண்டியின் அகன்ற டயருக்காக ஏங்குவோர் பலர், இருக்கும் டயரின் காற்றைக் குறைத்துப் பார்த்தவர்களே அல்லராம்.

இனி அந்த மூன்றாவது வண்டிக்கு வருவோம். அதில் மெய்யான பொருளும் உண்டு. வெறும் பூச்சும் உண்டு. பின் டிஃபரென்ஷியல் பூட்டு, அடிப்பாகத்துக்கு இரும்புக் கவசம், உயர்ந்த தரை இடைவெளி, கல்லுக்கும் சேற்றுக்கும் ஏற்ற டயர் ஆகியவை மெய்யானவை. பாணமைக்கு அப்பால் குமண நோக்கி நாள்தோறும் செல்பவர்க்கு அவை வேண்டும். பட்டியும் பெயரெழுத்தும் கறுப்புச் சட்டங்களும் வயலில் எவ்வேலையும் செய்வதில்லை. நம் கரையோரத்து உப்புக்காற்றில், போல்ற் போட்டுப் பொருத்திய ஒவ்வொரு மேலதிகச் சட்டத்தின் இடுக்கும் துரு கூடுகட்டும் இடமாகவே முடியும்.

இவ்விடத்தில் வாங்குவோர் பலர் கவனியாத ஒன்றுண்டு. காட்டு வழிக்கென்று மிகவும் உயர்த்திச் செய்யப்பட்ட வகைகளிற் சில, சாதாரண வகையைவிடக் குறைவாகவே சுமக்கும். போட் நிறுவனத்தின் றேஞ்சர் வண்டியில் றப்டர் என்றொரு வகை 2018இல் வந்தது. மேடு பள்ளங்களில் விரைந்து ஓடவேண்டும் என்பதற்காக, பின்னாலிருந்த தகட்டு வில்லை எடுத்துவிட்டுச் சுருள் வில்லை வைத்தார்கள். ஓட்டம் இதமாயிற்று, ஆனால் 2019ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் விற்கப்பட்ட அவ்வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமை 620 கிலோ அளவே. சாதாரண றேஞ்சரோ 1,000 கிலோ சுமந்தது. ஒரு டன் சுமக்காத காரணத்தால் வணிக வாகனத்துக்குரிய வரிச்சலுகையும் அந்நாட்டில் அதற்குக் கிட்டாமற் போயிற்று. ஒரு நெல்மூடை 65 கிலோ என்று கொண்டால், ஒன்று 15 மூடை ஏற்றும். விலை கூடிய மற்றது 9 மூடை ஏற்றும். அந்த 9 மூடையிலும் வண்டியில் ஏறியிருப்போரின் எடையைக் கழிக்கவேண்டும். எல்லா உயர் வகைகளும் இப்படியல்ல. பல வகைகளில் தகட்டு வில் அப்படியே இருக்கிறது. ஆகவே கடைக்காரர் காட்டும் படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அனுமதிக்கப்பட்ட சுமை எத்தனை கிலோ என்பதை எழுத்திற் கேட்டு வாங்கவேண்டும்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லவே எனக்கு மனம் கூசுகிறது. என் மாணவர் மூன்றாவது வண்டியை விரும்பியதற்கு உள்ளே கிடந்த காரணம் கிட்டங்கித் தாம்போதி. மாரிக்கு மாரி அதன்மேல் நீர் ஏறும், போக்குவரத்து நிற்கும். உயரமான வண்டியானால் தாண்டிவிடலாமே என்பது அவர் எண்ணம். விற்பனையாளரும் 700 மில்லிமீற்றர் ஆழ நீரில் இவ்வண்டி செல்லும் என்று கூறியிருந்தார். ஹைலக்ஸுக்கு அதன் நிறுவனம் கூறும் அளவு அதுவே, றேஞ்சருக்கு 800. இவை பொய்யான எண்களல்ல. ஆனால் அவை ஓடாத நீரில், அடித்தரை உறுதியாயிருக்க, மெல்லச் செல்லும் வண்டிக்கு உரியவை. ஓடும் வெள்ளத்தின் கணக்கு வேறு. ஒரு கனமீற்றர் நீர் 1,000 கிலோ எடையுள்ளது. வண்டியின் அடித்தளத்துக்கு மேல் நீர் ஏற ஏற, அது வண்டியைத் தூக்குகிறது. தூக்கத் தூக்கச் சில்லுகள் தரையை அழுத்தும் பாரம் குறைகிறது. பாரம் குறைந்த சில்லு பின்னிரண்டாயினும் நான்காயினும் எதைப் பிடிக்கும்? இரண்டடி ஓட்டநீர் கெப் உட்படப் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைச் சேவை நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. 700 மில்லிமீற்றர் என்பது இரண்டடிக்கும் கூட.

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே நடந்ததை நாம் எவரும் மறக்கவில்லை. மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. கெப் வண்டியைவிட உயரமான சில்லுகளும் சேற்றிற் செல்லும் வலுவும் உடையது உழவு இயந்திரம். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்றுவந்த ஆசிரியர்களுள் எவரும் இத்தனை மில்லிமீற்றர் என்ற பேச்சைக் காதாற் கேட்க விரும்பமாட்டார்.

இவற்றையெல்லாம் என் மாணவரிடம் கூறி, ஒரு வேலை கொடுத்தேன். கடந்த ஓராண்டில் வண்டி போகமுடியாமல் நின்ற நாட்களை நாட்காட்டியிற் குறித்துவரச் சொன்னேன். மறுவாரம் வந்தார். மொத்தம் 11 நாட்கள். வாய்க்காற்கரைச் சேற்றில் 5 நாள், கடற்கரை மணலில் 2 நாள், தாம்போதி வெள்ளத்தில் 3 நாள். எஞ்சிய ஒரு நாள் வண்டி குறுக்காகச் சாய்ந்து, ஒரு பின் சில்லும் ஒரு முன் சில்லும் அந்தரத்தில் நின்றது. சேற்று நாட்களுக்கு இரண்டாவது வண்டி போதும். மணலுக்குக் காற்றைக் குறைத்தால் போதும். வெள்ளத்துக்கு எந்த வண்டியும் ஆகாது. அந்தரத்தில் நின்ற அந்த ஒரு நாளுக்கே டிஃபரென்ஷியல் பூட்டு வேண்டியிருந்தது. அன்றும் பக்கத்து வயற்காரர் உழவு இயந்திரத்தாற் கட்டியிழுத்து விட்டாராம், கூலியும் வாங்கவில்லை.

முதலாவது வண்டியே போதுமே என்று நீங்கள் எண்ணக்கூடும். தார் வீதியோடு நிற்பவர்க்கு நானும் அதையே சொல்வேன். நாற்சில்லு வண்டி எடை கூடியது, எண்ணெய் கூடக் குடிப்பது, முன் அச்சுக்கும் தனியே பராமரிப்புக் கேட்பது. ஆயினும் விதைப்புக் காலத்தில் 5 நாள் என்பது வேளாண்மைக்காரனுக்குச் சிறிய எண்ணன்று. ஆகவே இரண்டாவதை எடுத்து, தேய்ந்தபின் மாற்றும்போது சேற்றுக்கும் தாருக்கும் பொதுவான டயர்களைப் போட்டுக்கொள்ளுமாறு கூறினேன். மறுவிற்பனையில் மூன்றாவதற்கு விலை கூடுமே என்று அவர் ஒருமுறை வாதித்தார். கூடும்தான். ஆனால் கொடுத்த மேலதிகம் முழுவதும் திரும்பிவரும் என்று எவரும் எழுதிக்கொடுக்கமாட்டார். விற்ற வயலோ திரும்பியே வராது.

அவர் இரண்டாவதையே எடுத்தார். காணி மனைவியின் பெயரிலேயே இருக்கிறது. மாரியில் ஒருநாள் மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கிட்டங்கியின் இக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பதாகவும், தாம்போதியின்மேல் முழங்காலுக்கு மேலாக நீர் ஓடுவதாகவும், வண்டியில் 8 மூடை பசளை இருப்பதாகவும் கூறினார். நீர் வடிய மூன்று நாளாயிற்று. பசளை பிந்தியதனால் ஒரு துண்டு வயலிற் பயிர் சற்று மஞ்சளித்துவிட்டது என்று பின்னர் சொன்னார்.