படகு மோட்டரைக் காக்கும் சிறிய றப்பர்ச் சில்லு

தோட்டம் செய்த கைகள் துடுப்புப் பிடிக்க நேர்ந்தது எங்கள் மண்ணில் புதிய கதையல்ல. 1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண் நிலங்களை விட்டு எழுந்தவர்களுள் பலர் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் அன்றி வேறு தொழில் அறியாதவர்கள். ஆண்டுகள் பல சென்று காணியைத் திரும்பக் கண்டவர்களும் உண்டு. அந்தக் காத்திருப்பின் நடுவே பரவைக்கடல் ஓரத்தில் குடிசை போட்டு, நண்டுக்கும் இறாலுக்கும் வலை வைத்துச் சீவியம் நடத்தப் பழகிக்கொண்டவர்களும் உண்டு.

அவ்வாறான ஒரு குடும்பத் தலைவர் ஒரு நாள் மாலை பங்குமனைக்கு வந்தார். மனைவியின் காப்புகளை அடகு வைத்துப் பாவித்த மோட்டர் ஒன்றை வாங்கியிருந்தார். முந்திய நாள், சோளகக் காற்று உரத்து வீசும் நேரத்தில், அது நடுக்கடலில் நின்றுவிட்டது. கயிற்றை எத்தனை தரம் இழுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. தண்ணீர் ஆழமில்லாத இடமாக இருந்தபடியால், அவரும் பதினான்கு வயது மகனும் கோலூன்றி நள்ளிரவுக்குப் பின் கரை சேர்ந்தார்கள்.

“சுவாமி, இது காத்திலை குளிருற மிசின், தண்ணிப் பக்கம் பாக்கவே தேவையில்லை எண்டு சொல்லித்தான் தந்தவங்கள்” என்றார் அவர்.

“தம்பி, அது பாதி உண்மை” என்றேன். மோட்டரின் காலைத் தொட்டுப் பார்த்தேன். மேற்பகுதியில் மை கருகி உரிந்திருந்தது. அந்த மற்றப் பாதி உண்மையைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலோரம் பிழைக்க வந்த விவசாயக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை.

தோட்டத்தில் கண்ட எஞ்சின்

இறைப்பு மிசினை அறியாத தோட்டக்காரர் இல்லை. அதன் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள் வார்க்கப்பட்டிருக்கும். கயிறு சுற்றும் பக்கத்துச் சில்லிலே விசிறி இதழ்கள் உண்டு. எஞ்சின் சுழலும்போது அந்த இதழ்கள் காற்றை அள்ளித் தகடுகளின் மேல் வீசும். எரிபொருளின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு அளவே வேலையாகிறது. மிகுதியில் ஒரு பகுதி சிலிண்டர் வழியாகவும், பெரும் பகுதி புகையோடும் வெளியேற வேண்டும். சிலிண்டரின் சூட்டைக் காற்று கொண்டுபோகிறது. புகையின் சூடு குழாய் வழியே வெளியில் போய்விடுகிறது. கிணற்றடியில் புகைக்குழாய் எவ்வளவு சூடேறினாலும், அதில் கை வைக்காதவரை கவலையில்லை.

இதே வகையான எஞ்சினைப் படகின் பின்பக்கத்தில் மாட்டினால் நிலைமை மாறுகிறது.

காற்றில் குளிரும் மோட்டருக்குத் தண்ணீர் எதற்கு?

வெளியிணைப்பு மோட்டரில் எஞ்சின் மேலே இருக்கிறது, புறொப்பெல்லர் கீழே தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ‘கால்’ என்று நாம் சொல்லும் நீண்ட பகுதி. அதற்குள்ளே சுழல்தண்டு இறங்குகிறது. பல மோட்டர்களில் புகையும் அதே காலுக்குள் இறங்கித் தண்ணீருக்கு அடியில் வெளியேறுகிறது. இதனால் சத்தம் குறைகிறது, படகில் இருப்பவர்கள் புகையைச் சுவாசிக்க வேண்டியதுமில்லை.

ஆனால் அந்தப் புகை பல நூறு பாகை செல்சியஸ் சூடானது. கால் அலுமினியக் கலவையால் ஆனது. அதைச் சுற்றி றப்பர் ‘சீல்’களும் கிறீசும் இருக்கின்றன. மேலே வீசும் விசிறிக் காற்று காலுக்குள் எட்டாது. ஆகவே சில காற்றுக்குளிர் மோட்டர்களில் சிறிய தண்ணீர்ப் பம்பி ஒன்றையும் பொருத்தியிருப்பார்கள். அமெரிக்காவில் எஸ்கா என்ற பெயரில் விற்கப்பட்ட பழைய சிறிய மோட்டர்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அந்தப் பம்பி சிலிண்டரைக் குளிர்விப்பதில்லை. புகைவழிக்குத் தண்ணீரை அனுப்பிப் புகையையும் காலையும் குளிர்விக்கிறது. அந்தத் தண்ணீர் புகையோடு கலந்தே வெளியேறிவிடும்.

எல்லாக் காற்றுக்குளிர் மோட்டரும் ஒன்றல்ல. ஹொண்டாவின் இரண்டு குதிரைவலு அளவான நாலடிப்பு மோட்டருக்குத் தண்ணீர்ப் பம்பியே கிடையாது. மறுபுறம், எங்கள் கண்ணாடியிழைப் படகுகளில் வழக்கமாகக் காணும் எட்டு, பதினைந்து குதிரைவலு மோட்டர்களில் சிலிண்டர், கால் இரண்டையுமே தண்ணீர்தான் குளிர்விக்கிறது. வாங்குமுன் எந்த வகை என்று கேட்டறிவது முதற்கடமை.

பம்பி வேலை செய்யும் விதம்

கிணற்றடிப் பம்பியை இயக்குமுன் குழாய்க்குள் தண்ணீர் வார்த்து நிரப்புகிறோம். காற்று நின்றால் அது இழுக்காது. மோட்டரின் பம்பிக்கு இந்த வேலை இல்லை. அது காலின் கீழ்ப்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே இருக்கிறது.

அதற்குள் இருப்பது இம்பெலர் எனப்படும் றப்பர்ச் சில்லு. நடுவில் ஒரு குடம், சுற்றிவர வளையக்கூடிய இதழ்கள். எஞ்சினின் சுழல்தண்டே இதன் நடுவாகச் சென்று இதைச் சுழற்றுகிறது. சில்லு அதன் கூட்டின் சரி நடுவில் இராது, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். இடம் அகலமான பக்கத்தில் இதழ்கள் விரியும்போது தண்ணீர் உள்ளே இழுபடுகிறது. ஒடுக்கமான பக்கத்தில் இதழ்கள் மடியும்போது அந்தத் தண்ணீர் பிதுக்கப்பட்டு மேற்குழாயில் ஏறுகிறது.

றப்பரை வழுவழுப்பாக வைத்திருப்பதும் அந்தத் தண்ணீரேதான். தண்ணீரின்றிச் சுழன்றால் இதழ்கள் கூட்டில் உராய்ந்து குறுகிய நேரத்திலேயே கருகிவிடும். கரையில் வைத்து “ஒருக்கால் ஸ்ரார்ட் பண்ணிப் பார்ப்பம்” என்று இழுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்கள் நண்பரின் மோட்டரைத் திறந்தபோது இம்பெலரில் இரண்டு இதழ்களே மீந்திருந்தன. மற்றவை சேற்றிலும் மணலிலும் தேய்ந்து முறிந்து போயிருந்தன. தண்ணீர் ஏறாததால் கால் கொதித்தது. அந்தச் சூடு மேலேறி, எஞ்சினின் அடியில் உள்ள றப்பர் சீலை இறுகிப் போகச் செய்தது. ஈரடிப்பு எஞ்சினின் அடிப்பெட்டியில் காற்று ஒழுகக் கூடாது. சீல் விட்டதும் வெறுங்காற்று உள்ளே புகுந்தது. எரிபொருள் கலவை மெலிந்தது, வலு குறைந்தது, சூடு இன்னும் கூடியது. முடிவில் எஞ்சின் நின்றுவிட்டது. கைக்குள் அடங்கும் ஒரு றப்பர்ச் சில்லைப் பாராமல் விட்டதற்கு, அடகு வைத்த காப்புகளின் பெறுமதியில் பாதி திருத்த வேலைக்குப் போயிற்று.

நாம் செய்ய வேண்டியவை

1. பாவித்த மோட்டரை வாங்கும்போது தண்ணீருக்குள் வைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் துளையால் தண்ணீர் பீச்சும் வகையானால் அது விட்டுவிடாமல் வருகிறதா எனப் பாருங்கள். அந்தத் துளை இல்லாத வகையில், புகையோடு தண்ணீர் வருகிறதா எனப் பாருங்கள். காலின் மை கருகியிருந்தால் காரணம் கேளுங்கள்.

2. ஓடும்போது காலின் மேற்பகுதியில் சில துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீறி ஆவியானால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கையால் தொட்டுச் சோதிக்க வேண்டாம்.

3. ஆழமற்ற இடத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டு ஓட்டாதீர்கள். கரை அண்டியதும் எஞ்சினை நிறுத்தி, காலை உயர்த்திக் கோலூன்றுங்கள். தண்ணீர் புகும் துளைகளில் சாதாளையும் பொலித்தீனும் அடைத்திருக்கின்றனவா என ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

4. தொழில் முடிந்ததும், பம்பி மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் நிறைந்த பரலில் காலை வைத்துச் சில நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். உப்பு உள்ளே காய்ந்தால் ஒடுக்கமான வழிகள் அடைபடும். கியர் இல்லாத மோட்டரானால் முதலில் புறொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். அந்த எண்ணெய்த் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கவலை எமக்குப் பாடமாகட்டும்.

5. வருடம் ஒரு முறையாவது இம்பெலரைக் கழற்றிப் பாருங்கள். இதழ் வெடித்திருந்தாலோ, ஒரே பக்கமாக மடிந்து நிமிராமல் நின்றாலோ மாற்றுங்கள். முறிந்த துண்டுகளையும் தேடி எடுத்துவிட வேண்டும், இல்லாவிடில் அவை மேற்குழாயை அடைக்கும். சேற்றுத் தண்ணீரில் தொழில் செய்வோர் இன்னும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

6. படகில் கோல், துடுப்பு, உயிர்காப்பு அங்கி மூன்றும் எப்போதும் இருக்கட்டும். எந்த மோட்டரையும் முழுமையாக நம்பிக் கடலில் இறங்கக் கூடாது.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி ஆயுதங்களும், தங்கள் மோட்டருக்குப் பொருந்தும் இம்பெலர் ஒன்றிரண்டும் பொதுவில் வாங்கி வைத்தால் தனியொருவர் மேல் பாரம் விழாது. சங்கம் என்பது கடன் எடுப்பதற்கு மட்டும் அல்ல.

மீகொங் விவசாயிகளின் பாடம்

“நாங்கள் தோட்டக்காரர், உதெல்லாம் எங்களுக்கு விளங்குமோ?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1960களின் தொடக்கத்தில் தென்வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் விவசாயிகள் தங்கள் படகுகளில் பூட்டியிருந்த சிறிய எஞ்சின்களைக் கழற்றி, நீண்ட தண்டையும் புறொப்பெல்லரையும் ஒரு குழாய்க்குள் வைத்து வயலுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். படகு மோட்டரே நீர்ப்பம்பியாயிற்று. அது சில ஆண்டுகளுக்குள் ஊர் ஊராகப் பரவியது. யுத்தத்தின் நடுவில் வாழ்ந்த அந்த விவசாயிகள் தங்கள் கையிலிருந்த எஞ்சினை விளங்கிக்கொண்டார்கள், அதனால் அதை வேறொரு வேலைக்கும் திருப்ப முடிந்தது. அவர்கள் படகிலிருந்து வயலுக்குப் போனார்கள். நம்மிற் பலர் வயலிலிருந்து படகுக்கு வந்திருக்கிறோம். அறிவு இரு வழியும் செல்லும்.

உடலில் வலுக்குறைந்ததாகத் தோன்றும் உறுப்பே மிகவும் வேண்டியது என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கருத்து நினைவுக்கு வருகிறது. மோட்டரில் எல்லாரும் பார்ப்பது மேலே பளபளக்கும் மூடியை. அதை ஓட வைத்து, ஓட்டுபவரை வீடு சேர்ப்பதோ, சேற்றுத் தண்ணீருக்குள் மறைந்து சுழலும் றப்பர்ச் சில்லு. எங்கள் நண்பர் இப்போது புதிய இம்பெலர் ஒன்றைத் துணியில் சுற்றிப் படகிலேயே வைத்திருக்கிறார். பழையதை மகன் கழற்றுகிறான், தகப்பன் பக்கத்தில் நின்று பார்க்கிறார். காப்புகள் இன்னும் மீளவில்லை. ஆனால் மோட்டர் ஓடுகிறது, வட்டியும் தவணைக்குத் தவணை கட்டுப்படுகிறது.