உங்களுக்குத் தெரியுமா? புல்லைப் போலொரு கோரை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்கு ஏறும்போது, பாதையோரத்துப் புல் ஒன்றின் தண்டைக் கிள்ளி விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். வழுக்கி உருண்டால் பெரும்பாலும் புல். மூன்று விளிம்புகள் விரலில் தட்டினால் அது கோரை. புல்லின் தண்டில் கணு இருக்கும், நடுவில் பொள்ளலாக இருக்கும். கோரைத் தண்டு பொதுவாகக் கணுவின்றி, உள்ளே நிறைந்திருக்கும். இலைகளும் மூன்று வரிசையில் கிளம்பும். (உருண்டைத் தண்டுள்ள கோரைகளும் உண்டு, ஆகவே விரலை மட்டும் நம்பிவிடாதீர்கள்.)

கோரை என்றதும் நமக்கு வயல் களையும் பாயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் காட்டு நிழலுக்கென்றே பிறந்த கோரைகளும் இருக்கின்றன. சுமார் 2,000 இனங்கள் கொண்ட கேரெக்ஸ் என்ற கோரைப் பேரினத்தில் ஒவ்வொரு காயும் தனித்தனிச் சிறு பைக்குள் ஒளிந்திருக்கும். இலங்கை மலைநாட்டிலும் நீலகிரியிலும் காட்டோரங்களில் வளரும் கேரெக்ஸ் பாக்கன்ஸில் அந்தப் பை பளபளவென்று சிவந்து, கொத்துக் கொத்தாகப் பழம்போல் தொங்கும். 1834இல் இதை விவரித்த நீஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் வைத்த பெயருக்கும் பழம்போன்றது என்றே பொருள். ஆசையாகப் பறித்தால் சதை ஏதும் இருக்காது, மெல்லிய தோலும் ஒரு சிறு கொட்டையும்தான்.