உஷார்! பரணிலிருந்து இறங்கும் பழைய சாமான்

உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டீர்களா? அப்படியே கீழே வையுங்கள். ஊர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பச்சை பெயிண்ட் தொட்டிலைச் சுரண்டி, உள்ளே இருக்கும் தேக்கின் நிறத்தை வெளியே கொண்டுவந்து, பிறக்கப்போகும் பேரக்குழந்தையை அதில் போட வேண்டும் என்பது நல்ல ஆசைதான். ஆனால் அந்தத் தொட்டில் இத்தனை வருஷம் செய்யாத கெடுதலை, நீங்கள் தேய்க்கப்போகும் ஒரு மணி நேரம் செய்துவிடும்.

காரணம், பெயிண்டில் இருக்கும் காரீயம். வீட்டு உபயோக, அலங்கார பெயிண்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அமெரிக்காவில் 1978-லேயே வீட்டு பெயிண்டில் காரீயத்தைத் தடை செய்துவிட்டார்கள். நாம் எவ்வளவு தாமதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே அந்த விதிக்கு முன்னால் பெயிண்ட் கண்ட கட்டில், தொட்டில், நடைவண்டி, ஜன்னல் கதவு எதுவானாலும் காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையில் இறங்குவது நல்லது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று பளிச்சென்ற எனாமல் நிறங்கள் மீது கூடுதல் சந்தேகம் வேண்டும். அந்தப் பளிச்சுக்குப் பின்னால் பல நேரம் இருந்தது காரீயக் குரோமேட். இரும்புக் கட்டிலிலோ டிரங்குப் பெட்டியிலோ மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் பளீர் ஆரஞ்சில் ஓர் அடிப்பூச்சு தெரிந்தால், பெயிண்டர்கள் ‘ரெட் லெட்’ என்று சொல்லும் சரக்காக இருக்கலாம். அது முழுக்கவே காரீயச் சேர்மம். செங்கல் நிற ரெட் ஆக்சைடு வேறு; அது இரும்புத் துரு வகை.

உரியாமல், உதிராமல் இருக்கும்வரை பழைய பெயிண்ட் பெரும்பாலும் சாதுதான். உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது அது தூசியாகிறது. புளோ டார்ச் கொண்டு சுட்டால் புகையாகிறது. தூசி தரையில் இறங்குகிறது. தரையில் தவழ்வது யார்? தவழ்கிற கை நேரே வாய்க்குப் போகிறது. உள்ளே போன காரீயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடம்பு எடுத்துக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்றும் சொல்கிறது. ரத்தசோகை, படிப்பில் மந்தம், கவனம் நிலைக்காமை என்று அது காட்டும் முகங்கள் எல்லாம் வேறு காரணங்களாலும் வரக்கூடியவை. பிள்ளை துறுதுறுவென்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். கர்ப்பிணிகளும் இந்தத் தூசி பக்கமே வரக் கூடாது. வளைகாப்பு முடிந்த கையோடு தொட்டில் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் தொட்டிலைத் தூக்கி எறிவதா? வேண்டாம். அதில் துணி மடித்து வையுங்கள், புத்தகம் அடுக்குங்கள், குழந்தையை மட்டும் போடாதீர்கள். பல் முளைக்கும் வயதில் குழந்தை கடிப்பது தொட்டில் கம்பியைத்தான். பழைய தொட்டில்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு அதில் நழுவி, தலை மாட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் அளக்கவில்லை.

பெயிண்டை எடுத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில், ஈரப்படுத்திச் சுரண்டச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, உதிர்ந்ததை அப்படியே மடித்து எடுக்க வேண்டும். துடைப்பம் வேண்டாம், பெருக்கினால் மறுபடி பறக்கும். ஆசாரியிடமும் சொல்லுங்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை இந்தத் தூசிக்குப் பற்றாது. அவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத்தான் தூக்குவார். இதைவிட எளிய வழி, நல்ல நிலையில் உள்ள பழைய பூச்சை அப்படியே விட்டு மேலே புதுப் பூச்சு கொடுத்து மூடிவிடுவது. இழுப்பறை ஓரம், கதவு உரசும் இடம் போன்றவற்றில் மட்டும் இது நிற்காது. பூச்சு வாங்கும்போதும் டப்பாவைப் படியுங்கள். நான் சொன்ன விதி வீட்டு, அலங்கார பெயிண்டுகளுக்குத்தான். தொழிற்சாலைக்கென்று வரும் பெயிண்டைச் சல்லிசாக வாங்கி அடித்தால் கதை முதலிலிருந்து ஆரம்பம். கொலு பொம்மைக்கு ஒவ்வொரு வருஷமும் புது வண்ணம் தீட்டுகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்: தாத்தா காலத்துச் செட்டியார் பொம்மையைச் சுரண்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

பழைய சாமான் விஷயத்தில் என் பயமே இதுதான். இருந்த இடத்தில், செய்த வேலையைச் செய்துகொண்டிருந்தவரை அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. தோலை உரித்து, இடத்தை மாற்றி, வேறு வேலை கொடுக்கும்போதுதான் கிளம்புகிறது வில்லங்கம். ‘அந்தக் காலத்துப் பொருள், கெடுதலே கிடையாது’ என்று நம்பிக்கொண்டு நாமே அதைக் கிளப்பிவிடுகிறோம்.

ரயில்வே ஸ்லீப்பர் கட்டையில் சாப்பாட்டு மேஜை செய்வது இப்போது பெரிய மோகம். மரம் இரும்பு மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் தண்டவாளத்துக்குக் கீழே வெயிலிலும் மழையிலும் கரையான் அரிக்காமல் கிடக்க, அதில் பல கட்டைகளுக்குக் கிரியோசோட் ஏற்றினார்கள். நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் எண்ணெய் அது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வெயில் காலத்தில் கட்டையிலிருந்து தார் வாடை வந்தால், வார்னிஷ் எத்தனை அடித்தாலும் அதை வீட்டுக்குள் விடாதீர்கள். அதோடு, நம் ரயில் பெட்டிகளின் கழிப்பறைகள் இவ்வளவு காலம் எங்கே திறந்தன என்று ஒரு நிமிஷம் யோசித்தால் அந்த மேஜையில் இலை போட மனசு வராது.

பேலட் கட்டை இன்னொன்று. துறைமுகத்திலும் கிடங்கிலும் சரக்கு தூக்கும் அந்தப் பலகைகளைப் பிரித்து ஷெல்ஃப், கட்டில் எல்லாம் செய்கிறார்கள். பன்னாட்டுச் சரக்கில் வந்த பேலட் என்றால் கோதுமைக் கதிர் போட்ட ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால் வெறும் சூடு காட்டிய மரம், எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். முத்திரையே இல்லையென்றாலும், எண்ணெயோ ரசாயனமோ ஊறிய கறை இருந்தாலும் வேண்டாம். கடற்கரையில் உடைத்த படகுப் பலகை, வண்ணம் வெளிறி அழகாகத்தான் இருக்கும். அந்த வண்ணத்துக்கும் காரீயக் கேள்வி பொருந்தும். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிப்பாகத்தில் பூசியது பூச்சிகொல்லும் சரக்கு.

மரம் எதுவானாலும் உளுப்பு பார்க்காமல் உள்ளே ஏற்றாதீர்கள். குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால் அதன்மேல் காகிதத்தை ஒட்டிச் சில வாரம் தனியே வையுங்கள். காகிதம் துளைபட்டாலோ, கீழே புதிதாக மாவு கொட்டியிருந்தாலோ வண்டு இன்னும் உள்ளே குடித்தனம் நடத்துகிறது. உங்கள் மாடுலர் கிச்சனையும் பார்த்துவிட்டுப் போகும். பிரம்புப் பின்னல் நாற்காலி, கயிற்றுக் கட்டில் என்றால் மூட்டைப்பூச்சி. சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஜீவன் அது. பின்னலையே மாற்றிவிடுவது மேல்.

ஊஞ்சலுக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டிலோ தஞ்சை ஜில்லா அக்ரகாரத்திலோ அது தேக்கு உத்தரத்தில் தொங்கியது. நீங்கள் மாட்டப்போவதோ நாலைந்து அங்குலக் காங்கிரீட்டில். ஆடும்போது கொக்கியில் விழும் பாரம், உட்கார்ந்திருப்பவர்களின் எடையைவிட அதிகம். பிள்ளைகள் உயரமாக வீசி ஆடினால் இரண்டு மடங்கையும் தாண்டும். ஃபேன் கொக்கி ஃபேனுக்கு மட்டும்தான். அதில் ஊஞ்சலும் கூடாது, சேலைத் தூளியும் கூடாது. தளம் போடும்போதே கம்பியோடு கட்டிய கொக்கி வேண்டும். இல்லையென்றால் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் துளை போடுங்கள். பித்தளைச் சங்கிலியின் வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேலே மினுமினுப்பாக இருக்கும், அந்த இடத்தில் பாதி தேய்ந்திருக்கும்.

மரப்பெட்டியும் டிரங்குப் பெட்டியும் இப்போது டீப்பாயாக ஹாலுக்கு வந்துவிட்டன. கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? மூடி விழுந்து நாதாங்கி தானாக மாட்டிக்கொண்டால், உள்ளே காற்று சில நிமிஷங்களுக்குத்தான். சத்தம் வெளியே கேட்காது. இன்றைக்கே ஸ்குரூ டிரைவரை எடுத்து நாதாங்கியைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் காற்றுக்குத் துளைகள் போடுங்கள். அலமாரியாக்கிய பழைய ஃபிரிட்ஜுக்குக் கதவே இருக்கக் கூடாது. ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோவைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இழுப்பறையைப் படியாக்கி ஏறாத பிள்ளை கிடையாது.

வாசலில் பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுகிறீர்களே, டெங்குக் கொசுவுக்கு வேண்டியது அதே நல்ல தண்ணீர்தான். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறையாவது நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் உருளித் தண்ணீரே வேண்டாம். கவிழ்ந்த குழந்தைக்கு நாலு அங்குலம் போதும்.

துணி சுற்றிய வயரோடு வரும் பழைய மேஜை விளக்கை அப்படியே பிளக்கில் சொருகாதீர்கள்; உள்ளே ரப்பர் பொடிப்பொடியாகியிருக்கும், வயரை முழுதும் மாற்ற வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகளில் சிலவற்றின் முதுகில் பாதரசக் கலவை இருக்கும். உரிந்து பொட்டுப்பொட்டாக உதிர்ந்தால் தொடாமல் மூடி வையுங்கள். முள்ளில் ரேடியம் பூசிய பழைய டைம்பீஸின் ஒளி எப்போதோ போயிருக்கும். ரேடியம் போகாது, அதன் அரை ஆயுளே சுமார் 1,600 வருஷம். கண்ணாடியைத் திறந்து சுரண்டாதீர்கள்.

இனி போலீஸ் வரக்கூடிய சமாச்சாரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூண், நிலை, ஜன்னல், எனாமல் தூக்கு என்று என்ன வேண்டுமானாலும் கிடைக்கும். பர்மாவிலிருந்து தேக்கு வந்த காலத்து வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல் இடிபட்டு வந்த சரக்கு. கடையில் பில்லோடு வாங்குவது ஒன்று; ‘எங்க வீட்டுக் கதவுதான், எடுத்துக்குங்க’ என்று தனியாக ஒருவர் விற்பது வேறு. ஒரே வீட்டில் பல பேருக்குப் பங்கு இருக்கும். மற்றவர்கள் கையெழுத்தும் இருக்கிறதா என்று கேளுங்கள். பழசு என்று சொல்வதெல்லாம் பழசுமில்லை. நூறு வருஷ நிலை என்று காட்டுகிறார், உள்ளே நட்சத்திரத் தலை ஸ்குரூ இருக்கிறது. 1930-களில்தான் உலகத்துக்கே வந்தது அது. பழுதுபார்த்தபோது போட்டது என்பார். சரி, ஒன்று இரண்டு என்றால் நம்பலாம்.

தேர்ச் சிற்பம், பஞ்சலோகச் சிலை, கல் விளக்கு என்று கோயில் வாடை வீசும் எதையும் அலங்காரத்துக்கு வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் உங்கள் வரவேற்பறை வரை வருவதற்குத் தமிழக போலீஸில் 1983-லிருந்து தனிப் பிரிவே இருக்கிறது. தாத்தா சுவரில் மாட்டிய மான் கொம்பு, தந்தப்பிடி போட்ட கைத்தடி இவையும் வெறும் அலங்காரம் அல்ல. 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே சிக்கல். விற்பதும் வாங்குவதும் குற்றம். பரண் சுத்தம் செய்யும்போது கிடைத்தால் காயலான் கடைக்குத் தள்ளிவிடாமல் வனத்துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ ‘அப்பா, அந்த ஆத்துக் கதவை இங்கே அனுப்பிடுங்களேன்’ என்று கேட்டால், உடனே பேக்கர்ஸுக்கு போன் போடாதீர்கள். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம், நூறு வருஷம் தாண்டிய சிற்பம், கைவினைப் பொருளோடு கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளையும் தொல்பொருள் என்கிறது. கதவாக வீட்டில் இருந்தவரை அது உங்கள் கதவு; பெயர்த்த பிறகு தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. நூறு வருஷம் ஆகாதது என்று நினைத்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு பிறகு பெட்டி கட்டுங்கள். சான்றிதழ் இல்லாமல் போன சரக்கு துறைமுகத்தில் பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும். அனுப்பியவர் என்று இருப்பது உங்கள் பெயர்தான்.