கதிரவன் காய்ச்சும் வெந்நீர்

மூட்டுவலியால் அவதியுறும் என் பாட்டியாருக்கு ஆண்டு முழுவதும் காலையில் வெந்நீர் வேண்டும். அதற்காகப் புகையில் அமர்ந்து விறகடுப்பை ஊதி, நாள் முழுவதும் இருமுபவர் என் தாயார். இயற்பியல் பாடத்தில் படித்ததைச் சற்றே மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்றால் என்ன என்று தோன்றியது எனக்கு.

சூரிய வெப்பம் என்றதும் நண்பர்கள் பலர் குவியாடியை நினைக்கிறார்கள். குளிக்கும் நீருக்கு அது தேவையில்லை. வந்த வெப்பத்தைத் தப்பவிடாமல் பிடித்து வைத்தாலே போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவா நகர அறிஞர் சொசூர், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் நீரின் கொதிநிலையையும் தாண்டிய சூட்டைக் கண்டார் அல்லவா!

கணக்கும் எளிதே. 100 லிட்டர் நீரை 30 பாகை சூடேற்ற ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் ஏறத்தாழ 1,000 வாட். ஆதலால் 2 சதுர மீட்டர் பலகை, பாதி வெப்பம் வீணானாலும், நான்கு மணி நேர நல்ல வெயிலில் வேலையை முடித்துவிடும்.

அரை அங்குல இரும்புக் குழாய்கள் ஒன்பதைச் சன்னல் கம்பிகள்போல் நிறுத்தி, மேலும் கீழும் ஓரங்குலக் குழாயுடன் பட்டறையில் இணைத்தோம். அவற்றின்மேல் இரும்புத் தகட்டைக் கம்பியால் இறுகக் கட்டினோம். இந்த இறுக்கமே உயிர்நிலை. இடையில் காற்று நின்றால் தகடு கொதிக்கும், நீர் குளிர்ந்தே கிடக்கும். செம்பு இரும்பைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மாணவன் கைக்காசு இடம் கொடுக்கவில்லை. தகட்டுக்குப் பளபளப்பில்லாத கறுப்புச் சாயம், அடியில் நன்கு காய்ந்த உமி, மேலே கண்ணாடி. தெர்மோகோல் மலிவுதான், ஆனால் நீரின்றிக் காயும் தகட்டின் சூட்டில் அது சுருங்கிவிடும். பலகையைத் தெற்கு நோக்கி 20 பாகை சாய்த்து வைத்தோம்.

மோட்டார் இல்லாமலே நீர் சுற்றுவதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்தது. சூடான நீர் அடர்த்தி குறைந்து தொட்டிக்கு ஏற, குளிர்ந்த நீர் அதன் இடத்துக்கு இறங்குகிறது. தொட்டியின் அடிப்பாகம் பலகையின் மேல்விளிம்பைவிட ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இன்றேல் இரவில் ஓட்டம் தலைகீழாகி, பகலில் சேர்த்த சூடெல்லாம் வானத்துக்கே போய்விடும். 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி தொட்டியைப் பலகையிலிருந்து பிரித்து, வெப்பம் கசியாதபடி மூடியபின்தான் மறுநாள் காலைக்கும் வெந்நீர் மிஞ்சியது. எங்கள் தொட்டியைச் சுற்றியும் உமிதான். பங்குனி மாத மாலையில் 56 பாகை இருந்த நீர், மறுநாள் விடியலில் 47 பாகை இருந்தது.

அடைமழை நாள்களில் இது உதவாது. உப்புநீர் உள்ள ஊர்களில் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும்; கீழ்க்குழாயின் முனையில் ஒரு திருகுமூடி வைத்துக்கொண்டால் அவ்வப்போது திறந்து கழுவிவிடலாம்.