அரியணை மனிதர்கள் – 11: விழாத கையெழுத்து

1940 ஏப்ரல் 9, காலை 7.23. ஆஸ்லோவிலிருந்து ஒரு சிறப்பு ரயில் வடக்கே ஹாமர் நகரை நோக்கிக் கிளம்பியது. நார்வே அரசர் ஏழாம் ஹாகோன், பட்டத்து இளவரசர் ஓலாவ், அவர் மனைவி மார்த்தா, மூன்று குழந்தைகள், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கடைக்குட்டி ஹரால்டுக்கு மூன்று வயது. பின்னாளில் ஐந்தாம் ஹரால்டாக அரியணை ஏறியவர் அந்தச் சிறுவன்தான். வழியில் லில்லேஸ்ட்ரோம் நிலையத்தில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கத்து விமானத் தளத்தின் மேல் ஜெர்மானியர்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரயிலுக்கு நேரம் வாங்கித் தந்தது ஆஸ்லோ கடற்கழியின் குறுகிய பகுதியில் இருக்கும் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டை. விடிவதற்கு முன்பே ‘ப்ளூகர்’ என்ற புத்தம்புதிய ஜெர்மானியப் போர்க்கப்பல் அதைக் கடக்கப் பார்த்தது. நாடாளுமன்றத்தையும் அரசரையும் பிடிக்க வேண்டிய ஆட்கள் அதில் வந்தார்கள். ஓய்வுக்கு நெருங்கிவிட்ட கோட்டைத் தளபதி பிர்கர் எரிக்சன் மேலிட உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஏறக்குறைய ஐம்பது வருடப் பழைய இரண்டு பீரங்கிகள், ஆளுக்கு ஒரு குண்டு. இரண்டும் குறி தவறவில்லை. பிறகு கரையிலிருந்து விட்ட நீர்மூழ்கிக் குண்டுகள் மிச்சத்தை முடித்தன. அந்தப் பீரங்கிகளும் ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் வார்க்கப்பட்டவைதான்.

இதே கோட்டைக்கு அருகேதான் 1905 நவம்பர் 25 அன்று ஹாகோன் தன் புதிய நாட்டின் பிரதமரை முதன்முதலாகச் சந்தித்தார். அப்போது அவர் டென்மார்க் இளவரசர் கார்ல், வயது 33, கடற்படை அதிகாரி. சுவீடனுடன் இருந்த கூட்டிணைப்பை அந்த ஜூன் 7-ஆம் தேதி முறித்துக்கொண்ட நார்வே, ஓர் அரசரைத் தேடிக்கொண்டிருந்தது. அழைப்பு வந்ததும் அவர் ஓடிவந்துவிடவில்லை. மக்களுக்கு முடியாட்சி வேண்டுமா, குடியரசு வேண்டுமா என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. முடியாட்சிக்கு 2,59,563 பேர், எதிராக 69,264 பேர். அதன் பிறகே வந்தார். அவர் செய்த காரியங்களில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது இதுதான். 1940-இல் நடந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

1928-இல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்சி கவிழ்ந்தபோது, புரட்சி பேசிக்கொண்டிருந்த தொழிற்கட்சியை அவர் ஆட்சி அமைக்க அழைத்தார். நாடாளுமன்றத்தில் மிகப் பெரிய கட்சி அதுதான். மேல்தட்டினர் முகம் சுளித்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்கும் நான்தான் அரசர் என்று அவர் சொன்னதாக நார்வேக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த அமைச்சரவை மூன்று வாரம்கூட நிற்கவில்லை. ஆனால் முடியாட்சியே வேண்டாம் என்று வளர்ந்த ஒரு கட்சிக்கு, அரண்மனைக் கதவு தனக்கும் திறக்கும் என்பது தெரிந்துவிட்டது. 1940-இல் அவரோடு ரயிலில் இருந்த பிரதமர் நீகோர்ட்ஸ்வோல்ட் அந்தக் கட்சிக்காரர்.

ஹாமரும் பாதுகாப்பாக இல்லை. அன்று மாலையே எல்லாரும் எல்வெரும் என்ற சிற்றூருக்குப் போனார்கள். மார்த்தாவும் குழந்தைகளும் எல்லை தாண்டிச் சுவீடனுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆஸ்லோ வானொலியிலோ விட்குன் குவிஸ்லிங், தானே பிரதமர் என்று அறிவித்துக்கொண்டார். ஒரு காலத்தில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். அவருடைய கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூடக் கிடையாது.

மறுநாள் ஜெர்மானியத் தூதர் கர்ட் பிராயர் எல்வெருமுக்கே வந்தார். அரசரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். வெளியுறவு அமைச்சர் இல்லாமல் பேச்சுவார்த்தை கிடையாது என்பதில் ஹாகோன் உறுதியாக இருந்தார். கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டுக்கொண்டவர், பிறகு அமைச்சர் ஹால்வ்டான் கூட்டை உள்ளே வரவழைத்தார். கூட் வரலாற்றுப் பேராசிரியர். பிராயரின் கோரிக்கை சுருக்கமானது: எதிர்ப்பை நிறுத்துங்கள், குவிஸ்லிங்கைப் பிரதமராக நியமியுங்கள். டென்மார்க்கைப் பாருங்கள் என்றும் சொன்னார். டென்மார்க் முந்தைய நாள் காலையிலேயே பணிந்துவிட்டது. அங்கே அரசராக இருந்த பத்தாம் கிறிஸ்டியன், ஹாகோனின் சொந்த அண்ணன். ஒளிந்துகொள்ள மலைகள் இல்லாத, ஜெர்மனியோடு நில எல்லை கொண்ட நாடு அது. அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த உதாரணத்தைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டியது கொடுமை.

தனியாக முடிவு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அமைச்சரவையைக் கேட்க வேண்டும் என்று ஹாகோன் பதில் சொன்னார்.

சுவீடன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நீபெர்க்சுண்ட் கிராமத்தில் அமைச்சரவை கூடியது. ஹாகோனுக்கு அப்போது 67 வயது. நெட்டையான, ஒல்லியான மனிதர். மறுத்தால் நாட்டுக்கும் மக்களுக்கும் வரப்போகும் துன்பத்தை நினைத்தால் அந்தப் பொறுப்பை ஏற்கவே அஞ்சுகிறேன் என்று தொடங்கினார். முடிவு உங்களுடையது என்றார். ஆனால் மக்களும் நாடாளுமன்றமும் நம்பாத ஒருவரை என்னால் நியமிக்க முடியாது. நீங்கள் ஏற்பதாக முடிவெடுத்தால் நான் பதவி விலகுகிறேன் என்றார். அவர் எவ்வளவு கலங்கிப்போயிருந்தார் என்பதை அங்கே இருந்தவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள்.

அரசர் தனியாளாக ஹிட்லரை மறுத்தார் என்றுதான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்வது அவருக்குச் சிறுமை என்பேன். அரசியல் சட்டப்படி நடக்கும் ஓர் அரசர் அமைச்சர்களுக்கு ஆணையிடக் கூடாது. அவர்கள் தலைக்கு மேல் போய் மறுத்திருந்தால் ஜெர்மானியர்கள் உடைக்க வந்த சட்டத்தை அவரே உடைத்தவராகியிருப்பார். அவருக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு நாற்காலி மட்டும்தான். அதை விட்டுத் தருவதாகச் சொல்லித் தன் மனத்தைத் தெரிவித்தார். தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடமே விட்டார். முந்தைய நாள்வரை பேசிப் பார்க்கலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்த அமைச்சரவை, ஒரே குரலில் மறுப்பதென்று முடிவெடுத்தது. ஆஸ்லோவுக்குத் திரும்பும் வழியில் எய்ட்ஸ்வோலில் இருந்த பிராயருக்குக் கூட் தொலைபேசியில் பதிலைச் சொன்னார். நார்வேயின் அரசியல் சட்டம் 1814 மே 17 அன்று கையெழுத்தான ஊர் அது.

விலையைக் கொடுத்தது சாதாரண ஜனங்கள். ஏப்ரல் 11 அன்று விமானங்கள் எல்வெருமைக் குண்டு போட்டு எரித்தன. நீபெர்க்சுண்டிலும் குண்டு விழுந்தது. அரசரும் இளவரசரும் அமைச்சர்களும் பனிக்குள் கால் புதையக் காட்டுக்குள் ஓடி மரங்களுக்கிடையே ஒதுங்கினார்கள். இதை எழுதாமல் அந்த மறுப்பைப் புகழ்வது முறையல்ல. அரசரே அஞ்சிய பொறுப்பு இதுதான்.

அரசரின் கையெழுத்து இல்லாத பிரதமரை வைத்துக்கொண்டு ஜெர்மானியர்களாலும் நாட்டை நடத்த முடியவில்லை. ஏப்ரல் 15 அன்று, ஆறே நாளில், குவிஸ்லிங்கை அவர்களே ஒதுக்கி வைத்தார்கள். 1942-இல் மறுபடி அவரைப் பிரதமராக்கியபோதும், நார்வேயின் சட்டப்படியான அரசாங்கம் லண்டனில்தான் இருந்தது.

வடக்கே இரண்டு மாதம் போர் நீண்டது. பிரான்ஸ் வீழும் நிலை வந்து நேச நாட்டுப் படைகள் விலகிக்கொண்டதும், ஜூன் 7 அன்று டிராம்சோவிலிருந்து ‘டெவன்ஷயர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் அரசரும் அமைச்சர்களும் ஏறினார்கள். அந்த மாதமே, ஆக்கிரமிப்பாளர்களின் நெருக்கடியில், நாடாளுமன்றத் தலைமைக் குழு அவரைப் பதவி விலகச் சொல்லிக் கடிதம் எழுதியது. பதவி விலகத் தயாராக இருந்தவரிடம்தான் அதைக் கேட்டார்கள். இம்முறை அவர் மறுத்தார். அந்நியப் படைகள் நாட்டைப் பிடித்து வைத்திருக்கும்போது எடுக்கும் முடிவு சுதந்திரமான மக்களின் முடிவாகாது என்பது அவர் வாதம். ஜூலை 8 அன்று பிபிசி வானொலியில் அந்தப் பதில் ஒலித்தது.

லண்டனில் கழிந்த ஐந்து ஆண்டுகளையும், நார்வேயின் சுவர்களில் அவருடைய ‘எச் 7’ முத்திரையைக் கிறுக்கியதற்காக மக்கள் பட்ட பாட்டையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)