குழந்தையின் கைத்தடத்தில் நினைவுத் தட்டு: பிளாஸ்டரில் நேரடியாகக் கை வைக்கலாமா?

குழந்தையின் உள்ளங்கை பதிந்த ஒரு சின்ன தட்டை நினைவாக வைத்துக்கொள்ள ஆசையா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பவுடர், களிமண், தண்ணீர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனா, கலக்கிய பிளாஸ்டருக்குள் கையை மட்டும் வைக்கவே கூடாது.

ஏன் ஆபத்து?

ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால், அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சும் பொடிதான் பிளாஸ்டர். தண்ணீர் சேர்த்ததும் அது மறுபடி ஜிப்சமாக இறுகி, வெப்பத்தை வெளியேற்றும். கனமான கலவையில் சூடு 60 டிகிரி வரை போகலாம்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 2007-ல், 16 வயது மாணவி ஒருவர் ஓவிய வகுப்பில் பிளாஸ்டர் வாளிக்குள் கைகளை வைத்தார். கலவை இறுகியதால் வெளியே எடுக்க முடியவில்லை. இரண்டு விரல்கள்தான் மிஞ்சின.

அப்போ மாவுக்கட்டு?

அதிலும் இதே பொருள்தான். ஆனா, தோலுக்கு மேல் பஞ்சு சுற்றி, துணியில் மெல்லிய அடுக்குகளாகப் போடுவதால் சூடு வெளியேறிவிடும்.

தடம் எதில் எடுப்பது?

களிமண்ணில். தவளக்குப்பத்துக்கு வடக்கே உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளே இதற்குச் சாட்சி. சுடும் முன் மண்ணில் இட்ட புள்ளி வரிசைகள் சுமார் 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் தெளிவாகத் தெரிந்தன. அவ்வளவு நுணுக்கமாகத் தடம் பிடிக்கும் மண், குழந்தையின் ரேகையையும் பிடிக்கும்.

எப்படிச் செய்வது?

1. களிமண்ணைத் தட்டைக் கவிழ்த்தது போல லேசான மேடாகத் தட்டவும். அதன் மேல் குழந்தையின் கையை வைத்து அழுத்தி எடுக்கவும்.

2. சுற்றிலும் அட்டையால் வளையம் கட்டி, அடியில் இடைவெளியை மண்ணால் அடைக்கவும்.

3. ஒரு கப் தண்ணீரில் சுமார் 2 கப் பவுடரைத் தூவிக் கலக்கவும். இது பெரியவர்களின் வேலை. தூசி பறக்கும் என்பதால் மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்கவும். குழந்தை தள்ளி நிற்கட்டும்.

4. மேட்டின் உச்சிக்கு மேல் ஒரு விரல் கனம் நிற்கும்படி ஊற்றவும். ஒரு மணி நேரம் தொடாதீங்க. சூடு ஆறியதும் களிமண்ணை உரித்துத் திருப்பினால், நடுவில் குழிந்து, கைத்தடம் புடைத்து நிற்கும் தட்டு ரெடி.

5. சில நாள் காய்ந்த பிறகு குழந்தையே பெயின்ட் அடிக்கலாம்.

சாப்பிடப் பயன்படுத்தலாமா?

கூடாது. பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். சாவி, ஹேர் கிளிப், சில்லறை வைக்கலாம்.

மீதிக் கலவையை சிங்க்கில் ஊற்றாதீங்க, குழாய்க்குள் இறுகிவிடும். கப்பிலேயே கெட்டியாக விட்டுக் குப்பையில் போடுங்கள்.